தோட்டம் போச்சு, தட்டு மாறலை

இளைஞர் படிப்பு வட்டப் பாடம்: இதய நலம்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு இதய நலம் பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொல்லி அண்ணன்மார் கேட்டாங்க. நான் மருத்துவ மாணவன் இல்லை. செரி இஸ்கண்டாரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆனா இதயம் ஒரு பம்ப், ரத்தக் குழாய் ஒரு பைப். இந்த ரெண்டும் எங்க வகுப்பில் வாரா வாரம் வரும் விஷயம். அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் இதை எழுதுறேன். மருந்து மாத்திரை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்; அது டாக்டர் வேலை. தினசரிப் பழக்கம் நம்ம வேலை.

பாடத்தோட சாரத்தை முதல்லயே சொல்லிடுறேன். நம்ம தாத்தா பாட்டி பால்மரக் காட்டில் உழைச்ச உடம்புக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை, உழைப்பு இல்லாத உடம்பை வெச்சுக்கிட்டு நாம இன்னும் சாப்பிடுறோம். தோட்டம் போச்சு, தட்டு மாறலை. அந்த உழைப்பு இருந்த இடத்தில் இப்ப எதை வைக்கப் போறோம் என்பதுதான் கேள்வி.

1. இது வயசானவங்க வியாதி இல்லையா?

மலேசியாவில் பல வருஷமா மரணத்துக்கு முதல் காரணமா இருந்தது இதயக் குழாய் அடைப்பு நோய்தான். புள்ளிவிவரத் துறை கணக்குப்படி, 2020இல் மருத்துவர் உறுதிப்படுத்திய இறப்புகளில் 17 விழுக்காடு இதனால் வந்தது. நடுவில் கோவிட் வந்து 2021இல் முதலிடத்தைப் பிடிச்சது. அப்புறம் இதய நோய் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

நம்ம சமூகத்தோட நிலை இன்னும் மோசம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கிட்டா அது 31.4 விழுக்காடு. கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசையை நெனச்சுப் பாருங்க. அதில் மூணு பேருக்கு இனிப்பு நீர். இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல்.

"சரி, அது எங்க அப்பா வயசுக்காரங்களுக்கு" என்று நெனைக்கிறீங்களா? 2023ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு செய்தி வந்தது. 18 முதல் 29 வயசுக்குள் இனிப்பு நீர் இருந்தவங்களில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாம இருந்தாங்க. அது நம்ம வயசு.

இன்னும் பழைய சான்று ஒண்ணு இருக்கு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ஞ்சு 1953இல் முடிவை வெளியிட்டாங்க. சராசரி வயசு 22. நல்லா ஓடி ஆடிப் பயிற்சி எடுத்த இளைஞர்கள். ஆனா அவங்களில் 77 விழுக்காட்டினரின் இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவின் அடையாளம் ஏற்கனவே தொடங்கியிருந்தது. ஐம்பது வயசில் வரும் மாரடைப்புக்கு இருபது வயசிலேயே அடித்தளம் போட்டாச்சு என்று இதுக்கு அர்த்தம்.

2. பம்பும் பைப்பும்

இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்குது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் போகுது. பெருக்கினா நிமிஷத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,000 லிட்டர், ஒரு லட்சம் துடிப்பு. சர்வீஸுக்கு நிறுத்தாம எழுபது எண்பது வருஷம் ஓடும் பம்பை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்யல.

இந்தப் பம்புக்கும் சாப்பாடு வேணும். அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்கள் இதயத்தின் மேலேயே ஓடுது. அகலம் வெறும் 3, 4 மில்லிமீட்டர். பானம் குடிக்கிற ஸ்ட்ரா அளவுதான். நம்ம முழுப் பிரச்சினையும் இந்த ஸ்ட்ராவில்தான்.

திரவவியல் பாடத்தில் ஒரு விதி உண்டு. பைப்பில் சீராக ஓடும் திரவத்தின் அளவு, பைப்பின் ஆரத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்தம் மாறாம இருக்க, ஆரம் பாதியானா ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிடும். ஆரம் 20 விழுக்காடு குறைஞ்சாலே ஓட்டம் 41 விழுக்காடாக இறங்கிடும். ரத்தக் குழாய் இரும்புப் பைப் இல்லை, அதனால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கொஞ்சம் அடைச்சா, கீழே இருக்கும் சின்னக் குழாய்கள் விரிஞ்சு கொடுத்து ஈடுகட்டும். உடம்பு அவ்வளவு கூடுதல் தாங்குதிறனோடு படைக்கப்பட்டிருக்கு.

நல்லதுதானே என்று தோணும். ஆபத்தும் அதிலேயே இருக்கு. முக்கால்வாசி அடைக்கும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எந்த வலியும் தெரியாது. அது மட்டுமில்லை, பல மாரடைப்புகள் குழாய் மெதுவா முழுசா மூடி வருவதில்லை. உள்ளே படிஞ்ச கொழுப்புக் கட்டியின் மேல்தோல் திடீர்னு வெடிச்சு, அங்கே ரத்தம் உறைஞ்சு, நிமிஷத்தில் பாதையை மறிச்சிடுது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்று சாவு வீட்டில் நாம கேட்கும் வார்த்தைக்குக் காரணம் இதுதான். நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சது. குழாய் நல்லா இல்லை.

ரத்த அழுத்தமும் அதே கதைதான். எதிர் அழுத்தம் கூடினா பம்பு கூடுதலா உழைக்கணும். வருஷக்கணக்கில் அப்படி உழைக்கும் இதயத்தின் தசை தடிச்சுப் போகும். குழாய்ச் சுவர் தேயும். இதுக்கும் வலி கிடையாது. அளந்து பார்த்தாத்தான் தெரியும்.

3. தாத்தா கண்டக்டர், நாம டிரைவர்

பேராக்கில் ரப்பர் கதை 1877இல் கோலகங்சாரில் நட்ட மரங்களோடு ஆரம்பிச்சது. எங்க குடும்பக் கதை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் ஆரம்பிச்சது. தாத்தா பால்மரம் சீவினவர். விடியுமுன்னே பெரட்டு, அப்புறம் காடு. ஒருத்தருக்குச் சுமார் 500 மரம்.

பாட்டிகிட்ட விவரம் கேட்டு நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். மரத்துக்கு மரம் சராசரி 4 மீட்டர் என்று வெச்சா, 500 மரத்துக்கு 2 கிலோமீட்டர். சீவ ஒரு சுற்று, மங்கில் சேர்ந்த பாலை எடுக்க இன்னொரு சுற்று. ஆக 4 கிலோமீட்டர். லயத்திலிருந்து காட்டுக்கு நடை, பால் வாளியைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடை, திரும்பி வீட்டுக்கு நடை. மேடு பள்ளம் வேற. எப்படியும் 7, 8 கிலோமீட்டர். 500 தடவை குனிஞ்சு நிமிர்வது தனி. இதெல்லாம் மத்தியானத்துக்கு முன்னாடி முடிஞ்சிடும்.

அந்த உடம்புக்கு மலைபோல் சோறு, கருவாட்டுக் குழம்பு, டின் பால் ஊத்தின தித்திப்புத் தேத்தண்ணி எல்லாம் தேவையாவே இருந்தது. செலவு அங்கே, வரவு இங்கே. கணக்கு ஓரளவு நேராச்சு.

அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. நம்ம ஆளுங்க பட்டணத்துக்கு வந்தாங்க. அப்பா இப்ப ஈப்போ சிலிபின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறார். எட்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை. நான் லெக்சர், லேப்டாப், விடுதி. பரீட்சை வாரத்தில் எங்க அறையில் நாலு பேரும் கைப்பேசியில் அடிக் கணக்கைப் பார்த்தோம். ஒருத்தனும் 2,000ஐத் தாண்டல. ஆனா ராத்திரி மாமாக் கடையில் ரொட்டி சானாய் மட்டும் ஆளுக்கு மூணு.

இதே வித்தியாசத்தை லண்டனில் ஒருத்தர் அளந்து காட்டினார். பேர் ஜெரி மோரிஸ். லண்டன் மாடி பஸ்களில் வேலை செஞ்ச ஆயிரக்கணக்கான டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஆய்வை வெளியிட்டார். ரெண்டு பேரும் ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட நாளைக்கு 500, 600 படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமா குறைவா இருந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, உடனே சாகிறவங்களும் குறைவு. உடலுழைப்பு இதயத்தைக் காக்குது என்பதுக்கு முதல் பெரிய ஆதாரங்களில் இது ஒண்ணு. மோரிஸ் தானும் உடற்பயிற்சியை விடாம செஞ்சார். 99 வயசு வரைக்கும் இருந்தார்.

நம்ம கதையில் தாத்தா கண்டக்டர். அப்பாவும் நானும் டிரைவர்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவா சொல்லணும். தோட்டம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. மலேரியா இருந்தது, கூலி குறைவு, கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனையோ குடும்பத்தைக் கெடுத்தது. அந்த வாழ்க்கைக்குத் திரும்ப யாரும் ஆசைப்படல. தாத்தா அவ்வளவு கஷ்டப்பட்டதே நாம நாற்காலியில் உட்கார்ந்து படிக்கணும்னுதான். நாற்காலி கிடைச்சது சந்தோஷம். அதிலேயே நாள் பூரா ஒட்டிக்கிட்டு இருக்கிறதைத்தான் மாத்தணும்.

4. நம்ம ரத்தத்திலேயே இருக்கா?

"நம்ம ஆளுங்களுக்கு அது பரம்பரை, என்ன செஞ்சாலும் வரும்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. பாதி உண்மை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் டீனாக இருந்த டாக்டர் த. ஜா. தனராஜ், அதுக்கு முன்னாடியே சிங்கப்பூர்ப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ஞ்சு 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியர்களிடம் இதயக் குழாய் நோய் சீனர்களை விடப் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் வருவதற்கு முந்தின காலம் அது. ஆக, நமக்கு ஒரு பலவீனம் இருக்கு என்பது உண்மைதான். அதே எடையில் நமக்கு வயிற்றுப் பக்கம் கொழுப்பு கூடுதலா சேருது. இனிப்பு நீரும் சீக்கிரம் வருது.

மீதிப் பாதியையும் கேளுங்க. கேரளாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் சுமார் 30,000 பேரிடம் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பின் அபாயத்தில் 90 விழுக்காடு அளவுக்கு ஒன்பது காரணங்களே போதும் என்று அது கண்டது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், இனிப்பு நீர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இன்மை போன்றவை அதில் வருது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயசில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்கு 59 பக்கம். அந்த ஆறு வருஷ வித்தியாசத்துக்கும் பெரும்பாலும் இதே காரணங்கள்தான். நம்ம ஆளுங்ககிட்ட அவை இளம் வயசிலேயே சேர்ந்துடுது.

பரம்பரை என்றால் மத்தவங்களை விட நாம இன்னும் முன்னாடியே கவனமா இருக்கணும் என்று அர்த்தம். கையைக் கட்டிக்கிட்டு உட்கார அது சாக்கு இல்லை.

5. ஆறு பழக்கங்கள்

நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு. நாளைக்கு 30 நிமிஷம், வாரத்துக்கு 5 நாள். "மிதமான" என்றால் என்ன? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. ஈப்போவில் இருக்கிறவங்களுக்குப் போலோ கிரவுண்டு இருக்கு, டி.ஆர். பார்க் இருக்கு, குனோங் லாங் இருக்கு. சாயங்கால மழைக்குப் பயந்தா காலையில் போங்க. இல்லேன்னா விடுதிப் படிக்கட்டு இருக்கவே இருக்கு. லிஃப்டை விட்டு ரெண்டு மாடி ஏறினா நீங்க கண்டக்டர். படிக்கும்போது மணிக்கொரு தடவை எழுந்து தண்ணி பாட்டிலை நிரப்பப் போங்க.

கிளாஸ். தித்திப்பு பெரும்பாலும் சாப்பாட்டை விடப் பானத்தில்தான் ஏறுது. தே தாரிக்குக்குக் கிளாஸுக்கு 3 தேக்கரண்டி சர்க்கரை என்று குறைச்சே வெச்சுக்குவோம். நாளைக்கு மூணு கிளாஸ் என்றால் 9 தேக்கரண்டி, 36 கிராம். ஒரு வருஷத்துக்கு 13 கிலோ. அரிசி மூட்டையைவிட இது பெரிசு! நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் வெச்சுக்கிட்டா நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரேயடியா நிறுத்த வேணாம். முதல் வாரம் "குராங் மானிஸ்", அடுத்த வாரம் மூணில் ஒண்ணு "தே ஓ கோசோங்". ஈப்போ ஒயிட் காப்பி நம்ம ஊர்ப் பெருமைதான். அது ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியா இருக்கட்டும். டின் பானம் வாங்கினா லேபிளில் உள்ள சர்க்கரை கிராமை நாலால் வகுங்க. எத்தனை தேக்கரண்டி என்று தெரிஞ்சிடும்.

தட்டு. சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" முறையை நம்ம சமையலுக்கே சுலபமா பொருத்தலாம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம்ம வீட்டில் சோறு முக்கால் பங்கு, காய் ஓரத்தில் பொட்டு வெச்ச மாதிரி. சோற்றைக் குறைச்சா அம்மா கோவிச்சுக்குவாங்க. அதனால் முதல்ல கீரையும் காயும் கூடுதலா கேட்டு வாங்குங்க, சோறு தானா குறையும். சைவம் சாப்பிட்டா இதயத்துக்கு நல்லது என்று கண்ணை மூடிச் சொல்லவும் முடியாது. வடை, அப்பளம், தேங்காய்ப்பால் பாயசம், நெய்ச் சோறு எல்லாமே சைவம்தான். செம்பனை எண்ணெயில் பாதியும் தேங்காய் எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேலும் உறையும் கொழுப்பு. புந்தோங் கச்சாங் பூத்தே வாங்கும்போது எண்ணெயில் பொரிச்ச முறுக்கை விட அவிச்ச கடலையைக் கையில் எடுங்க.

உப்பு. நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். மலேசியர்கள் சராசரி 7.9 கிராம் சாப்பிடுறோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், இன்ஸ்டன்ட் மீ பொட்டல மசாலா இவைதான் வாசல். மசாலாப் பொட்டலத்தில் பாதி போட்டாலே மீ நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிடும்.

புகை. சிகரெட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. விட்ட ஒரு வருஷத்தில் இதய நோய் அபாயம், தொடர்ந்து பிடிக்கிறவரோடு ஒப்பிட்டா, ஏறக்குறைய பாதியாகிடும். இவ்வளவு பெரிய லாபம் வேற எந்தப் பழக்கத்திலும் கிடையாது. "நான் வேப் மட்டும்தான்" என்று சொல்லும் தம்பிகளுக்கு: அதில் உள்ள நிக்கோட்டினும் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏத்துது. அரசு கிளினிக்கில் புகை நிறுத்த உதவும் பிரிவு உண்டு. வெட்கப்படாம போங்க.

தூக்கம். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் தன் இதய நலப் பட்டியலில் தூக்கத்தையும் எட்டாவதா சேர்த்துக்கிட்டது. பெரியவங்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். விடிகாலை பந்து விளையாட்டு ஒளிபரப்பு, ரெண்டு மணி வரைக்கும் கேம், எட்டு மணிக்கு லெக்சர் என்று ஓடும் நம்ம கூட்டத்துக்கு இதுதான் கஷ்டமான பழக்கம்.

இந்த ஆறும் சில்லறை மாதிரி தெரியலாம். நம்ம சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் அவர் கேட்டது மாதம் 10 வெள்ளி. அந்தப் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்துதான் தோட்டமே வாங்க முடிஞ்சது. கூலிக்கு மரம் சீவினவங்க பங்குதாரர் ஆனாங்க. அரை மணி நேர நடையும் ஒரு கிளாஸ் கோசோங்கும் நம்ம பத்து வெள்ளி.

6. அளந்து பார்க்கணும்

இன்ஜினியருக்கு அளக்காத விஷயம் தெரியாத விஷயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய எண்கள் நாலு. இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழ், பெண்களுக்கு 80க்குக் கீழ். ரத்த அழுத்தம்: 120/80 பக்கம் இருந்தா நல்லது, 140/90 எட்டினா கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும். மற்ற ரெண்டு ரத்தச் சர்க்கரை, கொழுப்பு. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. உங்க அப்பா அம்மாவுக்கு 40 வயசு தாண்டி, குடும்பம் அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பமா இருந்தா, பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. ஃபாரம் நிரப்ப, நாள் குறிக்க நாமதான் உதவணும். அவங்களா போக மாட்டாங்க.

7. நெஞ்சு வலி வந்தா

என் மாமாவுக்கு 43 வயசில் மாரடைப்பு வந்தது. லாரி டிரைவர். ராத்திரி நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்ததும் காத்துப் பிடிச்சிருக்கு என்று தைலம் தேய்ச்சு, சோடா குடிச்சு, விடியும் வரைக்கும் பொறுத்திருந்தார். அந்த அஞ்சு மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் போச்சு. குழாயில் ஸ்டென்ட் வெச்சுக் காப்பாத்தினாங்க. ஆனா இப்ப மாடிப்படி ஏறினா நடுவில் நின்னு மூச்சு வாங்குறார். லாரி வேலையும் போச்சு. மூத்த மகள் படிப்பை ஒரு வருஷம் தள்ளி வெச்சு வேலைக்குப் போனா. ஒரு ஆளுக்கு வரும் மாரடைப்பு ஒரு குடும்பத்துக்கே வருது.

அதனால் மனப்பாடம் பண்ணுங்க. நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம் சில நிமிஷத்துக்கு மேல் நீடிக்குது. கை, தாடை, முதுகு பக்கம் பரவுது. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி வருது என்றால் 999. பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவங்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாம வெறும் அசதியும் குமட்டலுமா வரலாம். அவரையே வண்டி ஓட்ட விடாதீங்க. ஒருத்தர் மயங்கி விழுந்து, கூப்பிட்டா அசைவில்லை, சரியா மூச்சு விடல என்றால், 999ஐக் கூப்பிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் நிறுத்தாதீங்க. நம்ம கிளையில் ஒவ்வொருத்தரும் இந்தப் பயிற்சியை ஒரு தடவையாவது நேரில் செஞ்சு பழகணும்.

8. தனி ஆளா முடியாது

பூசலார் நாயனாரைப் பாலர் வகுப்பிலேயே படிச்சிருப்போம். திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் சேராம, மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பினவர். அந்த ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கு. இதய நோய் உள்ளவங்க அங்கே போய் வேண்டிக்கிறாங்க. இறைவன் இதயத்தில் குடியிருக்கிறான் என்று நாம நம்பினா, அந்த இடத்தைப் பராமரிப்பதும் வழிபாட்டில் ஒரு பகுதிதான். கும்பிடுறதும் நடக்கட்டும், அழுத்த மாத்திரையும் நேரத்துக்கு உள்ளே போகட்டும்.

ஃபின்லாந்தில் வட கரேலியா என்ற பகுதியில் 1970களின் தொடக்கத்தில் ஆண்கள் இதய நோயால் சாகும் விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒண்ணு. வெண்ணெயும் உப்பும் புகையும் அவங்க தினசரி வாழ்க்கை. 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர், இருபதுகளில் இருந்தவர், அங்கே ஒரு திட்டத்தை நடத்தினார். ஆஸ்பத்திரியில் உட்காராம ஊருக்குள்ள போனார். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு சேர்ந்து பழைய சமையலையே கொழுப்புக் குறைச்சுச் செஞ்சு காட்டினாங்க. பிற்பாடு கொழுப்பைக் குறைக்க ஊருக்கு ஊர் போட்டியே நடந்தது. நாற்பது வருஷத்தில் உழைக்கும் வயசு ஆண்களின் இதய நோய் மரணம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைஞ்சது.

ஊரே சேர்ந்து மாத்தினதால் அங்கே நடந்தது. நம்ம ஊர் எது? கோயில்தான். அன்னதானப் பந்தியில் நிற்கிறது நாமதான். கரண்டி நம்ம கையில். ஒரு கரண்டி சோற்றைக் குறைச்சு ஒரு கரண்டி காயைக் கூட்டினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயில் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடும்போது சிவப்புச் சிரப்பில் பாதியைக் குறைச்சு, பக்கத்தில் மோரும் வெறும் தண்ணியும் வைக்கலாம். அதே பந்தலில் தாதி படிக்கும் நம்ம அக்காமாரை வெச்சு ரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு மேசை போடலாம். காவடியைப் பார்க்க வரும் லாரி டிரைவர் மாமா ஒருத்தருக்கு அன்னைக்குத்தான் தன் அழுத்தம் தெரிய வரும்.

நாலு வாரப் பயிற்சி

முதல் வாரம்: இடுப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதுங்க. வீட்டில் 40 வயசுக்கு மேற்பட்ட ஒருத்தருக்கும் அளக்கணும்.
இரண்டாம் வாரம்: பானத்தில் ஏறும் சர்க்கரையைத் தினமும் தேக்கரண்டிக் கணக்கில் எழுதுங்க, பாதியாக்குங்க.
மூன்றாம் வாரம்: அஞ்சு நாள், அரை மணி நேரம் நடை. முடிஞ்சா அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க.
நாலாம் வாரம்: ஒரு வேளையாவது பாதித் தட்டு காய், உப்புப் பொட்டலம் பாதி, ராத்திரி 12க்கு முன் தூக்கம்.

கலந்து பேச

1. உங்க தாத்தா அல்லது பாட்டி ஒரு நாளில் எவ்வளவு நடந்திருப்பாங்க? கேட்டுக் கணக்குப் போடுங்க. உங்க நாளோடு ஒப்பிடுங்க.
2. "பரம்பரை" என்ற வார்த்தையை உங்க வீட்டில் எதுக்குச் சாக்காகப் பயன்படுத்துறாங்க?
3. நம்ம கோயில் அன்னதானத்தில் மாத்தக்கூடிய ஒரே ஒரு விஷயம் எது? அடுத்த கூட்டத்துக்குள் ஆலய நிர்வாகத்திடம் யார் போய்ப் பேசுவாங்க?

மூணாவது கேள்விக்குப் பேர் எழுதாம கூட்டத்தை முடிக்காதீங்க.